தாத்தா வெட்டிய காடும் பேரன் கட்டிய கடனும்

மாணவர்களே, தாத்தா விட்டுச்செல்லும் வீடும் நிலமும் பணமும் பேரனுக்குச் சேரும். அந்தப் பணத்தைச் சம்பாதிக்க அவர் அழித்துவிட்டுப் போன காட்டுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுவதையும் பதிலாகக் கொடுத்த ஒருவரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் கிஃபர்ட் பின்ஷோ. 1865இல் பிறந்து 1946இல் மறைந்த அமெரிக்கர். அந்நாட்டு வன இலாகாவின் முதல் தலைவர். வனவியல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் அவர் வகித்த பதவிகள் அல்ல. அவர் கையில் வந்து சேர்ந்த சிக்கல் நம் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே காரணம்.

முடிவே இல்லை என்று நம்பிய காடு

கிஃபர்டின் தாத்தா சிரில் பின்ஷோ. அவர் இளைஞராக இருந்தபோது, 1816இல், குடும்பம் பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியது. பென்சில்வேனியா மாநிலத்தில் டெலாவேர் ஆற்றை ஒட்டிய மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் வணிகம் செய்தார்கள். வந்த லாபத்தில் காட்டு நிலம் வாங்கினார்கள். மரங்களை வெட்டி, தெப்பமாகக் கட்டி, ஆற்றில் விட்டு, கீழேயிருந்த நகரங்களில் விற்றார்கள். ஒரு காடு தீர்ந்ததும் அடுத்த காட்டுக்குப் போனார்கள். இதில் அவர்கள் தனியாகத் தவறு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அங்கே எல்லாரும் செய்த தொழில் அதுதான்.

அது எப்படிப்பட்ட தொழில் என்பதை நீங்கள் சற்று விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பென்சில்வேனியா மலைகளில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரம் நிறைந்திருந்தது. முந்நூறு, நானூறு ஆண்டுகள் வாழக்கூடிய மரம் அது. அதன் பட்டையில் தோல் பதனிட உதவும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பட்டைக்காகவே அம்மரத்தைச் சாய்த்தார்கள். பட்டையை உரித்து வண்டியில் ஏற்றியபின் அடிமரத்தை அப்படியே காட்டில் மட்கவிட்ட இடங்கள் ஏராளம். முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தில் மனிதனுக்குப் பயன்பட்டது விரல் கனத்துத் தோல் மட்டுமே.

பலகைக்காக வெட்டிய மரங்களின் கதியும் பெரிதாக மாறவில்லை. மேற்குக் கரையில் வளர்ந்த மாபெரும் மரங்களின் அடிப்பாகம் பருத்து, பிசின் நிறைந்து, அறுக்கக் கடினமாக இருக்கும். எனவே மரவெட்டிகள் மரத்தில் துளை வெட்டி, அதில் பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று, ஆளைவிட உயரமான இடத்தில் அறுத்தார்கள். அதற்குக் கீழிருந்த நல்ல மரம் முழுவதும் கட்டையாக நின்றுவிட்டது. பலகை செருகிய துளைகளோடு அந்தக் கட்டைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். ரெட்வுட் போன்ற மிகப் பெரிய மரங்கள் விழும் வேகத்திலேயே நொறுங்குவதும் உண்டு. நொறுங்கியதை யாரும் பொறுக்குவதில்லை. கிளைகள் தொடங்கும் மேல்பகுதியையும் அங்கேயே விட்டுவிடுவார்கள். ஆலைக்குப் போய்ச் சேர்ந்த மரத்திலும் தடித்த வட்டரம்பம் ஒவ்வோர் அறுப்புக்கும் ஒரு பங்கை மரத்தூளாக்கித் தள்ளியது.

விரயம் அதோடு நிற்கவில்லை. காட்டில் விட்டுவந்த கிளைகளும் சருகுகளும் காய்ந்து விறகாகக் கிடந்தன. 1871 அக்டோபர் 8ஆம் தேதி விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ என்ற மரத்தொழில் ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. வறட்சியும் காற்றும் வெட்டிப்போட்ட கழிவும் ஒன்றுசேர்ந்ததில், ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 1,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல இடங்களில் தீ, மண்ணிலிருந்த விதைகளையும் சேர்த்து எரித்தது. பிறகு பெய்த மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. பென்சில்வேனியாவின் வடபகுதியைப் பாலைவனம் என்றே மக்கள் அழைக்கத் தொடங்கினார்கள்.

ஏன் இவ்வளவு விரயம் என்று நீங்கள் கேட்கலாம். பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் கணக்கைப் பாருங்கள். 1878இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தின்படி, மேற்கு மாநிலங்களில் 160 ஏக்கர் காட்டை ஏக்கருக்கு இரண்டரை டாலர் என்ற விலையில் வாங்க முடிந்தது. ஆள்களின் பெயரில் விண்ணப்பம் போட்டு, பல்லாயிரம் ஏக்கரைச் சுருட்டிக்கொண்ட நிறுவனங்களும் இருந்தன. மரம் கிட்டத்தட்ட இலவசம். ஆள்கூலியும் ஏற்றுமதிச் செலவும்தான் அதிகம். அப்படியிருக்கும்போது மரத்தை மிச்சப்படுத்துவது நஷ்டம், வீணாக்குவது லாபம். விலை குறைவாக இருக்கும் பொருளைத்தான் மனிதன் வீணாக்குகிறான்.

நம் வட்டாரத்திலும் இதே கதை நடந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட, தாபான் மரத்தின் பால் தேவைப்பட்டது. ரப்பரைப் போல் மரத்தை நிற்கவைத்துப் பால்வெட்டாமல், மரத்தையே சாய்த்துப் பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பாலெடுத்தார்கள். எடுத்ததைவிட மரத்திலேயே தங்கிவிட்ட பால் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சில ஆண்டுகளுக்குள்ளாகவே சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் அரிதாகிவிட்டது.

தந்தை காட்டிய வழி

சிரிலின் மகன் ஜேம்ஸ், நியூயார்க்கில் சுவர்த்தாள் வணிகம் செய்து பெரும் செல்வரானார். 1886இல் மில்ஃபோர்டில் கிரே டவர்ஸ் என்ற மாளிகையைக் கட்டினார். அந்த மாளிகையைச் சுற்றியிருந்த மலைச்சரிவு மொட்டையாகக் கிடந்தது. அதை மொட்டையாக்கிய தொழிலில் தன் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்பதை ஜேம்ஸ் உணர்ந்திருந்தார்.

1885இல் மூத்த மகன் கிஃபர்ட், யேல் பல்கலைக்கழகத்தில் சேரப் புறப்பட்டபோது, வனவியலைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விருப்பமா என்று ஜேம்ஸ் கேட்டார். இன்று ஒரு தந்தை இப்படிக் கேட்டால் வியப்பில்லை. அன்று அமெரிக்காவில் வனவியல் கல்லூரி ஒன்றுகூட இல்லை. அங்கே பிறந்து அந்தத் தொழிலுக்கு முறையாகப் படித்தவரும் இல்லை. இல்லாத ஒரு வேலையை மகனுக்குக் காட்டினார் தந்தை. மகன் ஒப்புக்கொண்டார். குடும்பத்தின் பழைய கணக்கை ஒளித்துவைக்காமல் மகன் முன்னே வைத்த அந்தத் தந்தைமீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மூங்கில் துண்டில் எழுதிய கணக்கு

1889இல் பட்டம் பெற்ற கிஃபர்ட், ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். ஜெர்மனியின் பான் நகரில் ஓய்வுபெற்று வாழ்ந்த டீட்ரிஷ் பிராண்டிஸ் என்ற பெரியவரைச் சந்தித்தார். இங்கேதான் கதை நம் ஆசியாவைத் தொடுகிறது. பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றவர். 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியானவர்.

பர்மாவில் அவர் செய்த வேலை எளிமையானது. ஒரு காட்டில் எத்தனை தேக்கு மரங்கள், எந்தெந்த அளவில் நிற்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவர் யானைமீது ஏறிக் காட்டை ஊடறுத்துச் சென்றார். கையில் நான்கு மூங்கில் துண்டுகள். மரங்களைப் பருமன் வாரியாக நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு மரத்தைக் கண்டதும் அதற்குரிய துண்டில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். மழையிலும் அழியாத கணக்கு அது. சிறு மரம் பெரிய மரமாக எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதையும் கணக்கிட்டு, ஆண்டுக்கு இத்தனை மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது என்று வரம்பு வைத்தார். ஒரு காடு ஆண்டுதோறும் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவே எடுக்க வேண்டும். வங்கியில் வட்டியை மட்டும் எடுத்து முதலைத் தொடாமல் விடுவதைப் போன்றது இது.

பிராண்டிஸ் ஏகாதிபத்தியத்தின் ஊழியர் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. பர்மியர்களின் காட்டில் அவர் எண்ணிய தேக்கு, ஆங்கிலேயரின் கப்பலுக்கும் கட்டுமானத்துக்கும் போனது. ஆனாலும் எண்ணாமல் வெட்டியவர்களுக்கு நடுவே எண்ணிவிட்டு வெட்டச் சொன்னவர் அவர்.

அவருடைய யோசனைப்படி கிஃபர்ட், பிரான்சின் நான்சி நகர வனவியல் கல்லூரியில் ஏறக்குறைய ஓராண்டு படித்தார். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகருக்குச் சொந்தமான சீல்வால்ட் காட்டையும் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டியும் அந்தக் காடு காடாகவே நின்றது. வெட்டுவதா, காப்பதா என்று மட்டுமே ஊரில் எல்லாரும் வாதிட்டபோது, வெட்டிக்கொண்டே காக்கவும் முடியும் என்பதை அவர் கண்ணால் கண்டார்.

ஒரு தோட்டத்திலிருந்து ஒரு நாட்டுக்கு

1892இல் வட கரோலினா மாநிலத்தில் வாண்டர்பில்ட் என்ற செல்வரின் பில்ட்மோர் பண்ணைக் காட்டைப் பராமரிக்கும் வேலை கிஃபர்டுக்குக் கிடைத்தது. வெட்டியும் எரித்தும் மாடு மேய்த்தும் களைத்துப்போன காடு அது. நலிந்த மரங்களை வெட்டி விற்று, நல்ல மரங்களுக்கு வெளிச்சம் கொடுத்து, இளங்கன்றுகளைக் காத்தார். மறு ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேலையைப் படங்களோடு மக்களுக்குக் காட்டினார்.

1898இல் வாஷிங்டனில் விவசாய அமைச்சின் வனப்பிரிவுக்குத் தலைவரானார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவின் பொறுப்பில் ஒரு மரம்கூட இல்லை. அரசின் ஒதுக்குக் காடுகள் எல்லாம் வேறோர் அமைச்சின் கையில் இருந்தன. அங்கே காடு இருந்தது, வனவியல் தெரிந்தவர் இல்லை. இங்கே வனவியல் தெரிந்தவர் இருந்தார், காடு இல்லை. ஏழாண்டு வாதாடி, 1905இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் துணையோடு அவர் காடுகளைத் தம் பிரிவுக்கு மாற்றினார். இன்றைய அமெரிக்க வன இலாகா அப்படித்தான் பிறந்தது.

இடையில் 1900இல் பின்ஷோ குடும்பம் 150,000 டாலர் நன்கொடை கொடுத்து யேலில் வனவியல் கல்லூரியைத் தொடங்கியது. மாணவர்களின் கோடைக்காலப் பயிற்சி, ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த மில்ஃபோர்ட் மலையிலேயே நடந்தது. 1902இல் அவர் பிலிப்பைன்சுக்கும் வந்து, அத்தீவுகளின் காடுகளைப் பார்த்து ஆலோசனை சொல்லிச் சென்றார்.

புதிய வன இலாகாவின் விதிகள் சட்டைப் பையில் அடங்கும் சிறு புத்தகமாக அச்சாயின. அரசுக் காட்டில் மரம் வாங்குபவர், இலாகா ஊழியர் அடையாளமிட்ட மரத்தை மட்டும் வெட்ட வேண்டும். தரையை ஒட்டி அறுக்க வேண்டும். கிளைக் கழிவுகளை ஒழுங்குபடுத்த வேண்டும். எடுத்த மரத்துக்கு விலை கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால், மேலே நான் சொன்ன ஒவ்வொரு விரயத்துக்கும் இதில் ஒரு தடுப்பு இருப்பதைக் கவனியுங்கள்.

காலக்கெடுவுக்குள் 16 மில்லியன் ஏக்கர்

மரநிறுவனங்களும் மேய்ச்சல் முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. 1907இல், ஆறு மேற்கு மாநிலங்களில் அதிபர் இனிமேல் ஒதுக்குக் காடு அறிவிக்கக்கூடாது என்ற வரியை, விவசாய அமைச்சின் செலவுக்கான மசோதாவிலேயே செனட்டர் ஒருவர் சேர்த்துவிட்டார். கையெழுத்திடாவிட்டால் அமைச்சுக்குப் பணமில்லை. கையெழுத்திட்டால் காட்டுக்குப் பாதுகாப்பில்லை. இடையில் கிடைத்ததோ சில நாள்கள்தாம்.

பின்ஷோவும் அவருடைய ஊழியர்களும் இரவு பகலாக வரைபடங்களைத் தயாரித்தார்கள். ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 16 மில்லியன் ஏக்கர் காட்டை ஒதுக்குக் காடாக அறிவித்தார். அதன்பிறகே மசோதாவில் கையெழுத்திட்டார். தீபகற்ப மலேசியாவின் பரப்பில் கிட்டத்தட்டப் பாதி அது. 1905இல் ஏறக்குறைய 56 மில்லியன் ஏக்கராக இருந்த தேசியக் காடுகள், 1910இல் 172 மில்லியன் ஏக்கரைத் தொட்டன.

அந்த நிலங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. காப்பாற்றிய காட்டுக்கும் ஒரு பழைய உரிமையாளர் இருந்தார் என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் மறக்கக்கூடாது.

அவர் சறுக்கிய இடங்கள்

ரூஸ்வெல்ட்டுக்குப் பின் வந்த அதிபர் டாஃப்ட்டோடு பின்ஷோவுக்கு ஒத்துப்போகவில்லை. அலாஸ்கா நிலக்கரி நிலங்கள் தொடர்பாக ஓர் அமைச்சரை வெளிப்படையாக எதிர்த்தார். 1910 ஜனவரியில் பதவி பறிபோனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் பெருந்தீ பரவி, இரண்டே நாளில் ஏறக்குறைய 3 மில்லியன் ஏக்கரை எரித்தது. தீயணைப்பவர்கள் உட்பட 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பிறகு, எந்தத் தீயையும் உடனே அணைப்பது என்ற கொள்கையில் வன இலாகா உறுதியாக நின்றது. சிறு தீயும் வராததால் பல காடுகளில் சருகு குவிந்து, பிற்காலத்தில் பெரிய தீக்கு அதுவே வழிவிட்டது.

இன்னொரு சறுக்கல் என் மனத்தை உறுத்துகிறது. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணைகட்டி, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தை பின்ஷோ ஆதரித்தார். அவரோடு காட்டில் கூடாரமடித்துப் பழகிய இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் அதை எதிர்த்தார். 1913இல் அணைக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு மியூர் மறைந்தார். காடு மனிதனின் பயனுக்காக இருக்கிறது, அதை நெடுங்காலம் பயன்படும்படி ஆள வேண்டும் என்பது பின்ஷோவின் கொள்கை. பயன் என்ற அளவுகோலில் அடங்காத காடும் உண்டு என்பதை அவர் போதிய அளவு பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தாத்தாவின் மாநிலத்தில்

பதவி போனதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1920இல் பென்சில்வேனியா மாநில வன ஆணையரானார். பிறகு 1923 முதல் 1927 வரையிலும், 1931 முதல் 1935 வரையிலும் இருமுறை ஆளுநராக இருந்தார். தாத்தா மரம் வெட்டிய அதே மாநிலத்தின் காடுகளுக்குப் பேரன் பொறுப்பாளி. வெட்டி முடித்து, வரிகட்டக்கூட மனமில்லாமல் நிறுவனங்கள் கைவிட்ட நிலங்களை அம்மாநில அரசு 1898 முதலே மலிவாக வாங்கிவந்தது. தீயைத் தடுத்து, காவல் வைத்து, நாற்று நட்டதும் மலைகள் மெல்லப் பசுமையாயின. 1946 அக்டோபர் 4ஆம் தேதி, 81 வயதில் பின்ஷோ மறைந்தார். கிரே டவர்ஸ் மாளிகையைக் குடும்பத்தார் பின்னர் நாட்டுக்கே கொடுத்தனர்.

பாலைவனம் என்று பெயரெடுத்த அந்த மலைகள் இன்று மீண்டும் காடுதான். ஆனால் அதே காடு அல்ல. வெள்ளைப் பைனும் ஹெம்லாக்கும் ஓங்கி நின்ற பல இடங்களில் இன்று செர்ரியும் மேப்பிளும் நிற்கின்றன. பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், குக் ஃபாரஸ்ட் போலத் தப்பிப் பிழைத்த சில இடங்களுக்குத்தான் போக வேண்டும். பின்ஷோவின் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவே. வெட்டிய இடத்தில் காடு வளர்க்கலாம். வெட்டிய காட்டை வளர்க்க முடியாது. அதனால் அழிந்த இடத்தில் நடுவதும் வேலை, அழியாத இடத்தைக் காப்பதும் வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றுக்கு ஈடு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. பிலிப்பைன்சில் பணிபுரிந்துவிட்டு மலாயாவுக்கு வந்த ஃபாக்ஸ்வொர்தி என்ற அமெரிக்க வனவியலாளர், 1920களில் வன ஆராய்ச்சி நிலையத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம் கெப்போங். ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களும் இருந்த இடம் அது. அங்கே நட்ட மரங்கள் இன்று அடர்ந்த மழைக்காடாக நிற்கின்றன. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கோலாலம்பூருக்கு அருகில் இருப்பவர்கள் ஒருநாள் போய்ப் பாருங்கள். வசதியிருந்தால் மறுவாரம் தாமான் நெகாராவுக்கும் செல்லுங்கள். இரண்டிலும் மரங்களின் பருமன், வகை, தரையில் கிடக்கும் பழைய மரங்கள் ஆகியவற்றைக் குறித்து ஒப்பிடுங்கள். ஒரு நூற்றாண்டு உழைப்பு எதைத் திருப்பிக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பது உங்கள் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.